பிளக்குக்கு வைத்த பொட்டு

என் மூத்த மகள் தவழ ஆரம்பித்திருந்த வருஷம். அதனால் அது 1967 ஆகத்தான் இருக்க வேண்டும். பம்பாயில் செம்பூரை ஒட்டிய திலக் நகரில் குடியிருந்தோம். ஒரே ஓர் அறை, அதை ஒட்டிச் சமையல்கட்டு. அதற்குள் நான், என் கணவர், மாமியார், கணவரின் தம்பி, குழந்தை என்று ஐந்து பேர். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் அந்த வீட்டில் நடந்ததை எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அன்றைக்கு வந்த கோபம் அப்படியே இருக்கிறது. என் பக்கத்தையும் ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

என் கொழுந்தனுக்குக் குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை. மற்ற நேரமெல்லாம் பாட்டுதான். கணபதி உற்சவம், கல்யாணம் என்று வாசிக்கப் போகும் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் எப்படியாவது சேர்ந்துவிட வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தான். கப்பல் வேலைக்குக் கிளம்பிய ஒரு கோவாக்காரரிடமிருந்து பழைய எலக்ட்ரிக் கிடார் ஒன்றை வாங்கி வந்தான். செக்கச்செவேலென்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வாசித்தபோதுதான் அதன் வண்டவாளம் தெரிந்தது. கழுத்து லேசாக வளைந்திருந்தது. தந்திகள் கட்டையை விட்டு மேலே எழும்பி நின்றன. அழுத்தி அழுத்தி அவன் விரல் நுனியெல்லாம் கன்றிப்போனது.

அவன் சளைக்கவில்லை. பட்டறையிலிருந்து சின்ன அரம் ஒன்றைக் கொண்டுவந்து, கழுத்தின் தலைமாட்டில் தந்திகள் படிந்து கிடக்கும் வெள்ளைத் துண்டின் பள்ளங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ராவினான். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை ஸ்பானரால் இம்மியளவு திருகிவிட்டு, மறுநாள் வரை தொடாமல் வைத்திருந்து மறுபடி பார்த்தான். சுருதி முடுக்கும் சாவிகள் இறுகிக் கிடந்ததால் என் தையல் மிஷின் எண்ணெய் பாதி காலியானது. சமையல்கட்டு இடுக்கியை எப்போது தேடினாலும் கிடார் பக்கத்தில்தான் கிடக்கும். வாய்க்கு வந்தபடி திட்டினேனே தவிர, உள்ளூர எனக்குச் சந்தோஷம்தான். அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஓர் ஆண்பிள்ளை அத்தனை பொறுமையாக வேலை செய்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வினை வந்தது சத்தத்தைப் பெரிதாக்கும் கட்டத்தில். அதற்கென்று விற்கிற ஆம்ப்ளிபயர் வாங்க எங்களுக்கு வசதியில்லை. அந்தக் காலத்து ரேடியோக்களின் பின்பக்கம் கிராமபோன் ஒயரைச் செருக ஒரு துளை இருக்கும். கிடார் ஒயரை அதில் செருகினால் ரேடியோ வழியாகவே கிடார் பாடும். இந்த யோசனையைச் சொன்னவர் என் நாத்தனாரின் கணவர். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். தபால் மூலம் ரேடியோ ரிப்பேர் படித்தவர். வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை வேறு. பல்பு எரியாவிட்டால்கூட, அது போய்விட்டது என்று அவர் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் புது பல்பு வாங்குவார்கள்.

ஒரு பழைய சின்ன ரேடியோவை அவரே கொண்டுவந்து கொடுத்தார். கிடாரை அதில் சேர்த்தால் பாட்டைவிட 'கொர்' என்ற இரைச்சல்தான் பெரிதாகக் கேட்டது. அதை அடக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி கிடாரைத் திறந்து, தந்திகள் கோத்திருக்கும் தகட்டிலிருந்து உள்ளே ஓர் ஒயரை இழுத்துப் பற்றவைத்தார். அதன்பிறகு கொழுந்தன் தந்தியைத் தொட்டதும் 'ஸ்' என்று கையை உதறினான். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கி, மேல்பக்கத்தைக் கீழாகத் திருப்பிச் செருகினார். இரண்டு கால் பிளக், எப்படித் திருப்பினாலும் சுவருக்குள் போகும். இப்போது ஷாக்கும் இல்லை, இரைச்சலும் இல்லை.

ஏன் கையை உதறுகிறான் என்று நான் சமையல்கட்டிலிருந்து கேட்டேன்.

"இதெல்லாம் உனக்கு வெளங்காது தங்கச்சி. நீ காப்பிய வச்சிட்டுப் போ" என்றார் அண்ணாச்சி.

வைத்துவிட்டுப் போனேன். எனக்கு விளங்காதது என்ன என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஒழுங்கான ரேடியோவுக்குள் டிரான்ஸ்பார்மர் என்று கனமான ஒரு சாமான் இருக்கும். சுவரிலிருந்து வரும் கரண்டை அது தனியாகப் பிரித்து நிறுத்திவிடும். இவர் கொண்டுவந்த மலிவு ரேடியோவில் அது கிடையாது. கரண்டின் ஒரு கம்பி நேரே உள்ளிருக்கும் தகரத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. வெளியே மரப்பெட்டி இருப்பதால் பாட்டு கேட்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இவர் பற்றவைத்த ஒயர் வழியாக அந்தத் தகரமும் கிடார் தந்தியும் ஒன்றாகிவிட்டன. பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் கிடார். மறுபக்கமாகச் செருகினால் கரண்டு கம்பி. இது அண்ணாச்சிக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்துதான் ஓர் அடையாளம் செய்தார். வீட்டில் பெயிண்ட் இல்லை. பூஜை அலமாரியில் இருந்த என் குங்கும டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, கோந்தில் குழைத்து, பிளக்கின் ஒரு பக்கத்தில் பொட்டுபோல வைத்துவிட்டார். பொட்டு எப்போதும் மேலே இருக்க வேண்டும் என்று கொழுந்தனிடம் மட்டும் சொன்னார். தினமும் அந்த அறையைத் துடைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி வைக்கிற என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது.

ஆயுத பூஜை வந்தது. ஆயுத பூஜை என்றால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? இருக்கிற சாமானையெல்லாம் ஈரத்துணியால் துடைத்து, போன வருஷத்துப் பொட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். தையல் மிஷின், அரிவாள்மனை, கொழுந்தனின் அரம், ஸ்பானர், கிடார், ரேடியோ எல்லாவற்றையும் துடைத்தேன். பிளக்கில் காய்ந்துபோன குங்குமம் இருந்தது. பழைய ரேடியோதானே, எந்த வீட்டிலோ வைத்த பொட்டு என்று அதையும் துடைத்தேன். பிறகு எந்தப் பக்கம் மேலே கிடந்ததோ அந்தப் பக்கத்தில் சந்தனத்தைத் தொட்டு, அதன் மேல் குங்குமமும் இட்டு, அழகாக ஒரு பொட்டு வைத்தேன். எந்தத் தமிழ்ப் பெண்பிள்ளையும் இதைத்தான் செய்திருப்பாள்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்துக் கொஞ்சமாவது வாசிக்க வேண்டும் என்று கொழுந்தன் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தான். அப்போதுதான் நான் தரையைக் கழுவிக் கோலம் போட்டிருந்தேன். பொட்டு மேலே இருக்கும்படி பார்த்துத்தான் அவன் பிளக்கைச் செருகினான். ரேடியோவைப் போட்டுவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கிடாரை மடியில் எடுத்துக்கொண்டான். குழந்தை அவனை நோக்கித் தவழ்ந்தாள். கிடாரைப் பார்த்தால் போதும், தந்தியைப் பிடித்து இழுக்க ஓடுவாள்.

நான் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால் உட்கார்ந்தபடியே அவன் உடம்பு விறைத்துப்போயிருக்கிறது. கண் நிலைகுத்திவிட்டது. கிடாரின் கழுத்தைப் பிடித்த கை விடவில்லை. குழந்தை அவன் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி வந்துவிட்டாள். கரண்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ரேடியோ ஒயர் கண்ணில் பட்டது. அதைக் கொத்தாகப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன். பிளக் சுவரிலிருந்து தெறித்து வந்தது. அவன் பக்கவாட்டில் சாய்ந்தான். நான் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தசராவுக்கு அவர்கள் வழக்கப்படி 'பொன்' என்று சொல்லி மரத்து இலை கொடுக்க வந்த பக்கத்து வீட்டு மராத்தியம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். ஓடி வந்து கொழுந்தனுக்குத் தண்ணீர் கொடுத்தார். என் மாமியாரிடம் என்னைக் கைகாட்டி, "இஸ்னே பச்சாயா" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். மாமியாருக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. என் கணவருக்குத் தெரியும். அவர் வாய் திறக்கவில்லை.

கொழுந்தனுக்கு மூன்று விரல்களில் தந்தி பதிந்த கோடுகளாகச் சூடு. டாக்டர் களிம்பு போட்டு, பிழைத்ததே பெரிது என்று அனுப்பினார். மத்தியானம் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்கு விலக்காக இருந்துகொண்டு பூஜைச் சாமானைத் தொட்டாயா என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த காரணம் அதுதான். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளக்காதா என்று இருந்தது. இல்லை என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். உடனே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"பொட்ட மாத்தி வச்சிருக்கா. எம் வேலையில ஒரு குறையும் கெடையாது."

என் குங்குமத்தை எடுத்த கதையே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதோடு விட்டாரா? இனிமேல் அழியாத பெயிண்டால் குறி வைப்பதாகவும், பெண்பிள்ளைகள் அந்த ரேடியோ பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளும்படியும் என் கணவரிடம் சொன்னார். என் கணவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. பெண்பிள்ளைகள் பக்கம் போகாமல் இருக்க அது என்ன பங்களாவா? ஒரே அறை. அதற்குள்தான் என் குழந்தை தவழ வேண்டும். அவளுக்குப் பொட்டைப் பார்த்துத் தொடத் தெரியுமா?

கிடாரைக் கொண்டுவந்து அண்ணாச்சி முன்னால் வைத்தேன். ரேடியோவில் சேர்த்தேன். பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டேன். அதுவரை அவர் எதிரே நான் நிமிர்ந்து பேசியதில்லை.

"அண்ணாச்சி, இத ஒரு வாட்டி இந்தப் பக்கமும் ஒரு வாட்டி அந்தப் பக்கமும் செருகுதேன். ரெண்டு வாட்டியும் நீங்க தந்தியப் புடிச்சுக் காட்டுங்க. குறை இல்லாத வேலதானே?"

விளையாடாதே என்றார். நான் விளையாடவில்லை என்றேன். என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை.

அப்போது மாமியார், காலையில் அந்த மராத்தியம்மா என்ன சொன்னாள் என்று மகனிடம் கேட்டார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "இவதான் காப்பாத்துனான்னு சொன்னாம்மா" என்றார். காலையிலிருந்து தெரிந்திருந்தும் சாயங்காலம்தான் அதைச் சொல்ல முடிந்தது அவருக்கு.

மாமியார் என் காலடியில் இருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். முந்தானையால் தோளைப் போர்த்தாமல் அவர் எதிரே வராத மனுஷி, அன்றைக்கு அதைக்கூட மறந்துவிட்டார்.

"அவ கேக்கதுல என்ன தப்பு இருக்கு மாப்ளே? தொட்டுத்தான் காட்டுங்களேன்."

அண்ணாச்சி கை நீட்டவில்லை. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, வைத்த பலகாரத்தைத் தொடாமல் போய்விட்டார். நான் தையல் கத்தரியை எடுத்து, ரேடியோ ஒயரை அறுத்துப் பிளக்கைத் தனியாக எடுத்துவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. கொழுந்தன் மட்டும் கட்டுப்போட்ட கையோடு பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அன்னைக்கே ஒங்ககிட்ட சொல்லியிருக்கணும் மதினி" என்றான்.

அந்தத் தீபாவளிக்கு நாத்தனார் வரவில்லை. அதற்கும் நான்தான் காரணம் என்று ஆனது. கொழுந்தனின் விரல் ஆறியது. ஆர்க்கெஸ்ட்ராவிலும் சேர்ந்தான். அங்கே தூக்க முடியாத கனத்தில் ஒழுங்கான ஆம்ப்ளிபயர் இருந்தது. கழுத்து நிமிர்ந்த அந்தச் சிவப்புக் கிடாரை அவன் வாசித்ததைக் கேட்க நானும் போயிருந்தேன். நன்றாகத்தான் வாசித்தான்.

ஆனால் கல்யாணம் காட்சி என்று எல்லோரும் கூடும்போது யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்கள், மதினி பொட்டு வைத்து ஷாக் அடித்த கதையை. ரேடியோவில் இல்லாமல்போன சாமான் அதில் வராது. கிடாருக்குள் பற்றவைத்த ஒயர் வராது. கட்டிக்கொண்ட கை வராது. என் பொட்டு மட்டும் வரும். என் கொழுந்தனும் சேர்ந்து சிரிக்கிறான். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இப்போதும் நான் ஆயுத பூஜை செய்கிறேன். வீட்டில் இருக்கிற பிளக் ஒன்று விடாமல் துடைத்து, வேண்டுமென்றே இரண்டு பக்கமும் பொட்டு வைக்கிறேன். ஒரு பொட்டு இடம் மாறினால் உயிரை வாங்குகிற சாமானுக்கு என் வீட்டில் இடமில்லை. அப்படி ஒரு சாமானைச் செய்துவைத்துவிட்டு, பொட்டு வைத்தவளைக் குற்றம் சொல்கிற வாய்க்கு அன்றைக்கு நான் சொன்ன பதிலைத்தான் இன்றைக்கும் சொல்வேன்: முதலில் உன் கையால் தொட்டுக் காட்டு.