அம்மா, உங்க பேர் என்ன?

போன வாரம் இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தேர்தல் கூட்டம். நான் கூட்டம் கேட்கப் போனவன் அல்ல, மூட்டுவலிக்கு எண்ணெய் வாங்கப் போனவன். மழை பிடித்துக்கொண்டதால் ஒரு கடை வாசலில் ஒதுங்கினேன். அங்கிருந்து பார்த்தால் மேடை நேரே தெரிந்தது. பேசிக்கொண்டிருந்தவரை நடுவில் மறித்து ஒரு இளைஞன் ஏதோ கேட்டான். என்ன கேட்டான் என்பது யாருக்கும் விளங்கவில்லை. அதற்குள் தடித்த ஆட்கள் நாலைந்து பேர் அவனைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். மேடையில் இருந்தவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்.

என் பக்கத்தில் ஒதுங்கி நின்ற ஒருவர், என் வயதுதான் இருக்கும், உச்சுக்கொட்டினார். "அந்தக் காலத்துல இப்புடியாங்க? ஒருத்தன் எந்திரிச்சுக் கேள்வி கேட்டா, வாங்க, ஒங்க பேரென்னன்னு மரியாதையாக் கேப்பாங்க" என்றார். நானும் தலையாட்டி வைத்தேன். அவர் தோளில் கிடந்த பழைய கம்பளி நன்றாக நனைந்து நாறியது. நனைந்த கம்பளியின் வாசம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, ஆட்டு மயிரும் அடுப்புப் புகையும் வேர்வையும் சேர்ந்த ஒரு வாசம். அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பசியென்று நினைத்து வீட்டில் சோறு போட்டுவிடுவார்கள். பசி இல்லை, பயம்.

அந்தப் பயத்தின் கதை, வெள்ளைக்காரன் காலத்தில் றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இப்போது யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு அப்போது ஸ்டோரில் வேலை. தேயிலை அரைக்கிற தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். மெஷின் பக்கத்திலேயே நின்று நின்று எனக்கு ஒரு காது மந்தம். அது எனக்குப் பெரிய வசதி. எங்களை வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை திட்டினால் அந்தக் காதைத் திருப்பிக் காட்டிவிடுவேன். வீரமெல்லாம் என் மனைவி காத்தாயியின் பங்குக்குப் போய்விட்டது. கொழுந்து எடுக்கும் மலையில் நின்று அவள் கூப்பிட்டால் எதிர்மலையில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். எங்களுக்குக் கைக்குழந்தை ஒன்று, ஆண் பிள்ளை, தவழக்கூட ஆரம்பிக்கவில்லை.

வோட்டு என்பது அப்போதுதான் எங்கள் பக்கம் வந்த புதுச் சரக்கு. பெண்களுக்கும் உண்டு என்றதும், வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள் கட்டிய எங்கள் லயத்தில் சிரித்தவர்களே அதிகம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி, பிடித்த நிறத்தில் சீட்டைப் போட வேண்டும். எங்களுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்பதைக் கணக்கப்பிள்ளையே முடிவு செய்து வைத்திருந்தார். "மஞ்சப் பொட்டி, கேட்டுச்சா? வேற பொட்டி பக்கம் கை போச்சுன்னா அந்தக் கை கொழுந்து எடுக்காது." மஞ்சள் பெட்டிக்காரர் இரத்தினபுரியில் வழக்காடும் ஒரு சிங்கள வக்கீல், எல்லோரும் புரொக்டர் மாத்தயா என்பார்கள். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கு வேண்டியவர். அவர் ஒருவருக்குத்தான் தோட்டத்துக்குள் வந்து பேச அனுமதி.

அதே காலத்தில் தொழிலாளர் சங்கத்துப் பையன்களும் டவுனில் திரிந்தார்கள். தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று பொலிஸில் பிடித்துக் கொடுப்பார்கள். அதனால் றக்வானைக் கடைத்தெருவில், நாங்கள் சாமான் வாங்கும் நானாவின் கடைப் பின்கட்டில் நின்று பேசுவார்கள். நானா முஸ்லிம் மனிதர், தாராள மனசு. ஆனால் அவர்கள் பேசி முடிக்கும்வரை வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். காத்தாயியும் இன்னும் சில பெண்களும் அங்கே போய்க் கேட்டார்கள். நானும் கூடப் போனேன், மனைவியைத் தனியாக விடக்கூடாது என்று. உள்ளே போகாமல் நானாவோடு சேர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் யோசனை உருவானது. புரொக்டர் வந்து பேசும்போது நடுவில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேள்வி இதுதான்: மலையில் வேலை செய்யும் தாய், கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவுக்கு வந்து குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பினால், அன்றைக்குக் கணக்கப்பிள்ளை அரை நாள் வேலைதான் பதிகிறார். இதை நிறுத்தச் சொல்வீர்களா? அவ்வளவுதான். கேட்க வேண்டிய விதத்தையும் ஒரு பையன் சொல்லிக்கொடுத்தான். "மழ பெஞ்சாத்தான் கேக்கணும். எல்லாரும் கம்பளியப் போத்தி இருப்பீங்க. குனிஞ்சுக்கிட்டே கேளுங்க. கேள்வி தெரியணும், ஆளு தெரியக் கூடாது."

கொழுந்து எடுக்கும் பெண்கள் மழையில் கம்பளியைக் கூம்பாக மடித்துத் தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொள்வார்கள். குனிந்து நின்றால் முகம் தெரியாது, ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் வித்தியாசம் தெரியாது. பெற்ற தாயே குழம்புவாள். அந்தப் பையன் தோட்டத்தைப் பார்க்காமலே இதைக் கண்டுபிடித்திருந்தான். இன்றைக்கும் அவன் மூளையை நினைத்து வியக்கிறேன். அன்றைக்கு அவனை மனசுக்குள் திட்டினேன். நம் ஊர்ப்பக்கம் மழை பெய்யாத நாளை எங்கே போய்த் தேடுவது?

மழை பெய்தது. சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் எல்லோரையும் பெரட்டுக் களத்தில் நிறுத்தினார்கள். காலையில் பேர் கூப்பிட்டு மலைக்கு ஆள் பிரிக்கும் மைதானம் அது. புரொக்டர் மாத்தயா ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்றார். நல்ல மனிதர் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. எங்களுக்காகவே தமிழ் படித்து வந்திருந்தார், தப்பும் தவறுமாக. அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு பின்னால் நின்றவர் கணக்கப்பிள்ளை. குழந்தை என் கையில் இருந்தது. காத்தாயி கம்பளிகளுக்கு நடுவில் எங்கேயோ இருந்தாள். எனக்கே தெரியவில்லை. அந்த நிமிஷம் அது ஒரு ஆறுதலாக இருந்தது.

"நான் வந்தா ஒங்களுக்கு நல்ல ஸ்கூல் தாறது, நல்ல ரோட் தாறது..." என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்தக் குரல் எழுந்தது.

"பச்சப் புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வந்தா அர நாளு வெட்டுறாங்களே, அத நீங்க நிறுத்துவீங்களா?"

கம்பளிகள் ஒன்றும் அசையவில்லை. கணக்கப்பிள்ளையின் கழுத்து ஒவ்வொரு கம்பளியாகத் திரும்பிக்கொண்டு வந்தது. அவருக்கும் யாரென்று தெரியவில்லை. இது இப்படியே கடந்து போய்விடும் என்று நான் மாரியம்மனுக்கு ஒரு சேவலை நேர்ந்துகொண்டிருந்தபோதுதான் என் கையிலிருந்த குழந்தை துள்ளியது. தாயின் குரல் அதற்குத் தெரியாதா? அந்தக் குரல் வந்த பக்கம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வீறிட்டு அழ ஆரம்பித்தது.

என் உயிர் போய் வந்தது. விரலை அதன் வாயில் வைத்தேன், துப்பியது. முகத்தை என் மார்போடு அழுத்தினேன், திமிறியது. கணக்கப்பிள்ளையின் கண் என் மேல் விழுந்தது. நான் யார், என் பெண்டாட்டி யார் என்பது அவருக்குத் தெரியும். குழந்தை கை நீட்டும் திசையைப் பார்த்துவிட்டால் கதை முடிந்தது. நான் குழந்தையை வேறு பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "எறும்பு கடிச்சிருச்சு, எறும்பு கடிச்சிருச்சு" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு மைதானத்தின் ஓரத்துக்கு ஓடினேன். கொட்டுகிற மழையில் எங்கேயிருந்து எறும்பு வரும்? அன்றைக்கு நனைந்த கம்பளிகளுக்கு நடுவே ஓடிய ஓட்டம்தான் இன்றும் அந்த வாசத்தில் இருக்கிறது.

புரொக்டர் அந்தக் கேள்விக்கு என்ன செய்திருக்கலாம்? நிறுத்துவேன் என்றோ முடியாது என்றோ கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்திருக்கலாம். கோபப்பட்டுத் திட்டியிருந்தாலும் நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்போம். அவர் அப்படிப்பட்டவர் இல்லையே. குடையிலிருந்து வெளியே வந்து, மழையில் நனைந்துகொண்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

"நல்ல கேள்வி. யாரு கேட்டது? பய வென்ன எப்பா. பயப்பட வேணாம், நான் இருக்குது. முன்னுக்கு வாங்க அம்மா."

யாரும் வரவில்லை. அவர் விடவில்லை. ஒளிந்துகொண்டு பேசுவது ஜனநாயகம் இல்லை, என் முகத்தைப் பார்த்துப் பேச உங்களுக்கு உரிமை இருக்கிறது என்ற மாதிரி சிங்களமும் தமிழும் கலந்து சொன்னார். பிறகு மறுபடியும், "வாங்க அம்மா" என்றார்.

ஒரு கம்பளி அசைந்தது. காத்தாயி அதைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு நேரே நடந்தாள். நான் ஓரத்திலிருந்து குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டே அதைப் பார்த்தேன். ஏன் போனாய் என்று பிற்பாடு நூறு தடவை கேட்டிருப்பேன். "கோட்டு போட்டவரு ஒருத்தரு என்னைய அம்மான்னு கூப்புட்டாருங்க. கேக்கலன்னு நிக்க முடியுமா?" என்பாள்.

"அம்மா, உங்க பேர் என்ன?"

"காத்தாயிங்க."

"எங்க இருக்கிறது?"

லயத்தைச் சொன்னாள், காம்பரா எந்தப் பக்கம் என்றும் சொன்னாள். குடையோடு பின்னால் நின்ற கணக்கப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். புரொக்டர் தன் கழுத்து மாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். தாயின் பால் பிள்ளையின் உரிமை, சபையில் முதல் பேச்சே இதுதான் என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பெண்கள் அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது உண்மை. அவர் கார் வளைவில் மறையும்வரை காத்தாயி மாலையோடு நின்றாள். கணக்கப்பிள்ளை குடையை மடக்கி உதறிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மறுநாள் விடியற்காலை தப்பு அடித்ததும் எல்லோரும் பெரட்டுக்குப் போனார்கள். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு மலைக்கு அனுப்பினார். காத்தாயி பேர் வரவில்லை. களம் காலியான பிறகும் கூடையோடு நின்றாள். "ஐயா, எம் பேரு?" என்றாள். அவர் காதில் விழாதது போல் நடந்துவிட்டார். அடுத்த நாளும் அப்படியே. திட்டினால் பதில் சொல்லலாம், அடித்தால் அழலாம், கூப்பிடாத பேருக்கு என்ன செய்வது? வேலைக்குப் போகாதவள் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் தண்ணீர்ப் பீலியில் எங்களைப் பார்த்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, நானாக இருந்திருந்தால் குடத்தை விட்டுவிட்டே ஓடியிருப்பேன். இரவில் கதவு தட்டப்படுமோ என்று விழித்துக்கொண்டே படுத்திருந்தோம். கடைசியில் பற்றுச்சீட்டு வந்தது, அதாவது தோட்டத்தைவிட்டுப் போ என்ற சீட்டு. பெண்டாட்டியை அனுப்பினால் புருஷனும் சேர்ந்தே போக வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். காம்பராவைப் பூட்டிவிட்டார்கள்.

நேரே இரத்தினபுரிக்குப் போனோம். புரொக்டர் எங்களை மறக்கவில்லை. "ஆ, காத்தாயி அம்மா!" என்று எழுந்து வந்தார், நாற்காலியில் உட்காரச் சொன்னார், தேத்தண்ணீர் வந்தது. கதையைக் கேட்டு அவர் முகம் வெளுத்துப்போனது. நடிப்பில்லை. "தோட்டம் தொரைட வேல. அதுல நான் கை போட முடியாது. எலெக்ஷன் முடியட்டும், பேசுறது" என்றார். தேர்தலில் வென்றார். வாக்குப் போடும் நாளில் நாங்கள் அந்தத் தோட்டத்தில் இல்லை. முதல் பேச்சு என்ன பேசினாரோ, எங்களுக்குத் தெரியாது.

றக்வானை நானாதான் கைகொடுத்தார். நிவித்திகலவில் அவர் தம்பி கடையில் எனக்கு மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. பிழைத்துக்கொண்டோம், பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஆனால் காத்தாயி அதற்குப் பிறகு வெளி ஆளுக்குத் தன் பேரைச் சொன்னதே இல்லை. கோயிலில் ஐயர் அர்ச்சனைக்குப் பேர் கேட்டால் "சாமி பேருக்கே பண்ணுங்க" என்பாள். வீட்டுக் கணக்கெடுக்க வருகிறவர்களைக் கண்டால் அடுப்படிக்குள் போய்விடுவாள். சுதந்திரம் வந்ததும் எங்கள் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கிவிட்டு, பிரஜாவுரிமைக்குப் பேர் கொடுக்கச் சொல்லி அலைக்கழித்த காலத்தில் நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "மரியாதையாத்தான் கேப்பாங்க. எனக்குத் தெரியும்" என்றாள். கொடுக்கவே இல்லை. எந்த நாட்டுக் காகிதத்திலும் இல்லாமலே இருந்தாள்.

எல்லாம் போய்விட்டது. துரை கப்பலேறிப் போனார். நிறப் பெட்டிகள் போய்ச் சீட்டில் சின்னம் வந்தது. மழைக்கு இப்போது பெண்கள் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொள்கிறார்கள். பெரட்டுக் களத்தை உடைத்து ரோடு போட்டுவிட்டார்கள் என்று கேள்வி. கணக்கப்பிள்ளை செத்து எலும்பும் மக்கியிருக்கும்.

போன வருஷம் காத்தாயியும் போய்ச் சேர்ந்தாள். சாவைப் பதிய மகனோடு கந்தோருக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் ஒரு சிங்களப் பையன், நல்ல பிள்ளை, எழுந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். பேனாவைத் திறந்துகொண்டு, "அம்மாட பேரு என்ன?" என்று மெதுவாகக் கேட்டான். அவனுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். அலமாரிதான் இருந்தது. கதவுப் பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

"கேக்கலியே ஐயா. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றான் அவன்.