மலை ஏறிய காராமணிக் குழம்பு

எங்கள் உத்திரமேரூர் பக்கம் மேடு என்றால் ஏரிக்கரைதான். தூரத்திலிருந்தே வேகமெடுத்து, ஒரே மூச்சில் சைக்கிளை ஏற்றிவிடுவோம். ஞாயிறுதோறும் நெடுந்தூரம் போய், மலைக்கோயில் பாதையிலும் அப்படித்தான் பாய்வேன். பாதியிலேயே மூச்சு முட்டி இறங்கிவிடுவேன்.

ஒரு ஞாயிறு, மொபெட் மேட்டில் இழுக்காததால் ஒருவர் மனைவியை அடிவாரத்தில் இறக்கிவிட்டு முன்னே போனார். அந்த அம்மா, வேகமெடுக்க இருந்த என்னை நிறுத்தினார்.

"தனியா நடக்க பேஜாரா கீதும்மா. பேசிக்கினே வாயேன். வூட்ல இன்னா கொழம்பு?"

"காராமணிக் கொழம்புக்கா."

அவர் நடைக்கு ஈடாக மெதுவாக மிதித்துக்கொண்டே குழம்பு, மாமியார், மழை என்று பேசினேன். திடீரென்று கோயில் வாசல்! வழியில் எங்கும் என் கால் தரையில் படவே இல்லை. கத்தியே விட்டேன்.

"இன்னாம்மா ஆச்சு?" என்று பதறியவரைக் கட்டிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் எந்த ஏற்றத்திலும் நான் பாய்வதில்லை. 'வூட்ல இன்னா கொழம்பு?' என்று என்னையே கேட்டுக்கொண்டு, உச்சி வரை பதில் சொல்லிக்கொண்டே போகிறேன்.