வேப்பிலை கட்டிய படலைகள்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டவர்கள். என் கையெழுத்து ஈரமணலில் நண்டு ஓடியது மாதிரி. ஆனால் போன கிழமை நான் முன்பு வேலை செய்த சுகாதாரக் கந்தோர்ப் பக்கம் போனபோது அந்தப் பழைய ஊர் வரைபடம் இன்னும் சுவரில் தொங்கியது. கொலரா வந்த வீடுகளுக்குக் குத்திய சிவப்புக் குண்டூசிகளும் அப்படியே இருந்தன. துறைமுகத்துக்கு வடக்கே கடற்கரை ஒழுங்கை என்ற ஒடுங்கிய தெருவில் ஒரேயொரு ஊசி. ஏழு இருக்க வேண்டும். அந்த ஒற்றை ஊசிதான் என்னை எழுத உட்கார்த்தியது.

கொலரா வந்த வருஷம் எனக்கு இருபது வயது. சுகாதாரப் பரிசோதகர் ஐயாவிடம் தற்காலிக வேலை. கிணறுகளுக்குக் குளோரின் தூள் போட வேண்டும், ஐயா சொல்லும் வீடுகளுக்குப் படத்தில் ஊசி குத்த வேண்டும், ஜீப்பில் போய் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசிக்க வேண்டும். கடைசி வேலைக்குத்தான் என் வாய் சரியாகப் பொருந்தியது.

"கொதித்தாறிய நீரையே பருகுங்கள்" என்று வாசித்தால் ஒழுங்கையில் ஒரு அக்கா வேலிப் படலையைப் பாதி திறந்து நின்று கத்துவா.

"பருகுறம் ராசா, விறகை நீ கொண்டுவந்து இறக்கு! சோத்துக்கே விறகில்லை!"

"ஐயாவின்ர கதிரையை உடைப்பம் அக்கா, அவர் அதிலயிருந்து எழும்பினால்!" என்று ஒலிபெருக்கியிலேயே பதில் சொன்னேன். ஒழுங்கை முழுக்கச் சிரித்தது.

ஆனால் படத்தில் ஊசி ஏறினால் சிரிப்பில்லை. அடுத்த நாளே ஒழுங்கை முனையில் சிவப்பு அறிவித்தல் ஒட்டுவோம். அதைக் கண்டால் மீன் லொறி நிற்காது. பிடித்த மீன் கரையில் கிடந்து நாறும். வருத்தம் வந்தால் உடனே அறிவியுங்கள் என்று சொல்லிவிட்டு, அறிவித்தவனின் சோற்றில் மண்ணைப் போட்டோம். இதை யோசித்தவனைத்தான் முதலில் அடித்திருக்க வேண்டும்.

ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் என் கூட்டாளி கேட்டான். அந்த ஒழுங்கைக்காரன், கடற்தொழில், வீட்டில் அவனும் தாயும் மட்டும்.

"மச்சான், உன்ர ஐயா வீடு வீடாய்ச் சோதிக்க வருவாரோ?"

"வந்தால் படலையில வேப்பிலையைக் கட்டிவிடு. அம்மாள் வந்த வீடெண்டால் அந்தாள் முனையில நிண்டு கும்பிட்டுட்டு ஓடிப்போகும்."

கடையே சிரித்தது. எனக்கு அது போதும். அம்மை வந்த வீட்டுப் படலையில் வேப்பிலை தொங்கினால் எங்கள் பக்கத்தில் வெளியாள் கால் வைக்க மாட்டான். என்ன, ஏது என்று கேட்கவும் மாட்டான்.

அடுத்த கிழமை ஒழுங்கையில் இரண்டு படலைகளில் வேப்பிலை. பிறகு நான்கு. அதிசயமாக ஐயா ஒருநாள் ஜீப்பில் வந்தார். முனையில் நிறுத்தி, இறங்காமலே கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மாள் காலம் போல. கொலரா இல்லை. ஒழுங்கை சுத்தமெண்டு எழுது."

எழுதினேன். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே எழுதினேன். குளோரின் மணம் பிடிக்காமல், எங்களைக் கிணற்றுப் பக்கம் விடாமலிருக்கக் கட்டுகிறார்கள் என்று நினைத்தேன். என் பகிடி வேலை செய்கிறது என்ற பெருமை வேறு.

மூன்று நாளாகக் கூட்டாளியைக் கடையில் காணவில்லை. காலையில் தேடிப் போனேன். அவன் படலையிலும் வேப்பிலை, அதோடு ஒழுங்கையில் ஏழு. வேலியில் கழுவிப் போட்ட பாய், தண்ணீர் சொட்டச் சொட்ட.

"உள்ளுக்கு வராத. அம்மாவுக்கு அம்மாள்" என்றான்.

"அம்மாள் வந்த வீட்டில ஆரடா பாய் கழுவுறது?"

தலைக்குத் தண்ணீர் வார்க்கும் நாள் வரைக்கும் அந்த வீட்டில் துணிகூடத் தோய்க்க மாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும்.

"வயித்தால எத்தினை தரம் போச்சு?"

"எண்ணேல்ல மச்சான்." படலையைக் குறுக்கே பிடித்துக்கொண்டான். "லொறி நிக்காட்டி ஒழுங்கையே என்னை வெட்டும்."

வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தேன். ஜீப்பைப் பார்த்து விறகு கேட்ட அதே அக்கா எதிர்வீட்டிலிருந்து ஓடி வந்தா.

"அறுவானே! அம்மாளின்ர இலையிலயோ கை வைக்கிறாய்?"

"அம்மாள் வந்திருந்தால் என்ர கண்ணைக் குத்தட்டும்!"

உள்ளே அவன் தாய், எனக்கு மாமி. கண் குழிக்குள் போயிருந்தது. விரல்கள் நாள் முழுக்கக் கடலில் ஊறியது போலச் சுருங்கியிருந்தன. அந்த நிலையிலும், "தம்பி, தேத்தண்ணி குடிச்சியோ?" என்று கேட்டா. எனக்கு வந்த கோபத்தில் யாரையாவது கடித்திருப்பேன். மீன் தள்ளுவண்டியில் அவவைக் கிடத்தி இரண்டு பேரும் ஆசுப்பத்திரிக்கு ஓடினோம். மூன்றாவது சேலைன் போத்தலில்தான் மாமி கண்ணைத் திறந்தா.

நேரே கந்தோருக்குப் போய் வேப்பிலை கட்டிய ஏழு வீட்டுக்கும் ஏழு ஊசி குத்தினேன்.

"ஆசுப்பத்திரிச் சீட்டு எங்கை? சீட்டில்லாமல் குத்த நீ ஆர்?" ஐயா சீட்டிருந்த மாமியின் ஊசியை விட்டுவிட்டு ஆறையும் பிடுங்கினார். அதற்கு மட்டும் கதிரையிலிருந்து எழும்பினார்.

"ஐயா, ஏழு படலைக்கும் ஒரே கிணறு. ஒருக்கா வந்து பாருங்கோ."

"அம்மாள் வீட்டுக்குள்ள என்னைப் போகச் சொல்லுறியோ? நாளைக்கு நீ வேலைக்கு வரத் தேவையில்லை."

குளோரின் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நானும் கூட்டாளியும் கிணற்றில் தூளைக் கொட்டி, தண்ணீர் அள்ளும் துலாக்கயிற்றை அறுத்து, வாயைப் பலகையால் மூடினோம். பிறகு படலை படலையாகப் போய் நோயாளிகளை ஆசுப்பத்திரிக்குப் போகச் சொல்லிக் கத்தினேன். மூன்றாவது வீட்டில் கிழிந்த வலை பொத்தும் பெரியவர் அன்று காலையே முடிந்திருந்தார். வீட்டில் செத்தவருக்குச் சீட்டில்லை. சீட்டில்லாதவருக்கு ஊசியில்லை. அந்தப் படத்தில் அவர் சாகவே இல்லை.

மாமியின் ஒற்றை ஊசிக்கே சிவப்பு அறிவித்தல் வந்தது. ஒரு மாதம் லொறி நிற்கவில்லை. ஒழுங்கை திட்டியது என்னைத்தான். கதிரையில் இருந்தவரை யாரும் திட்டவில்லை.

போன கிழமை படத்தைப் பார்த்த கையோடு கடற்கரைக்குப் போனேன். கூட்டாளி வலையில் பாசி பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"அந்தாளைப் பற்றி எழுதப் போறன் மச்சான், கதிரையோட சேர்த்து."

அவன் நிமிரவேயில்லை.

"எழுது, ஆனால் முதல் வேப்பிலை ஆரின்ர வாயிலயிருந்து வந்ததெண்டும் எழுது."