யாரை யார் தூக்குவது

ஆயுதபூஜை அன்று தறிக்கும் அதில் ஊடே ஓடும் நாடாவுக்கும் ராட்டைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்த கையோடு, எங்கள் அண்ணி வாசல் நிலைக்குப் பக்கத்து ஆணியிலிருந்து ஒரு காக்கிப் பையைக் கழற்றிக்கொண்டு வருவார். தறியின் முன்னால் அதை வைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைப்பார். உள்ளே டார்ச் லைட், விசில், தீப்பெட்டி, காயத்துக்குக் கட்டும் துணி, மாத்திரை, பிளாஸ்டிக் உறையில் ரேஷன் கார்டு நகல்கள். பைக்குப் பக்கத்தில் மணல் நிரப்பிய ஒரு சிவப்பு பக்கெட். அதற்கும் பொட்டு உண்டு. பட்டுத் தறி ஓடும் வீட்டில் பக்கெட்டுக்குக் கற்பூரம் காட்டிய ஒரே ஆள் காஞ்சிபுரத்திலேயே அவராகத்தான் இருக்கும். தெருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அண்ணிக்குக் கோபம் வராது. "இதுவும் ஆயுதந்தான் தம்பி. வேலைக்கு வராத ஆயுதம். வரவே கூடாதுன்னு வேண்டிக்கினுதான் பொட்டு வைக்கறேன்" என்பார்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் மனிதர்கள் பேசக் கேட்டதுதான். யார் எதை அழகாகச் சொன்னாலும் மனதில் முடிந்து வைத்துக்கொண்டு நாலு பேரிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அண்ணி சொன்னவைதான் என்னிடம் அதிகம் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட இந்தத் தெரு காதில் வாங்கவில்லை.

அண்ணன் ராணுவத்தில் டிரைவர். கல்யாணமான புதிதில் அண்ணி அவரோடு வடக்கே எல்லையோரக் குடியிருப்பில் நான்கு வருடம் இருந்தார். சைரன் கேட்டால் விளக்கை அணைக்கவும், பையை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரிந்து வைத்திருக்கவும் அங்கேதான் பழகினார். பிறகு குடும்பத்தை அழைத்துப் போக முடியாத இடத்துக்கு அண்ணனை மாற்றிவிட்டார்கள். அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து தறியில் உட்கார்ந்தார். ஒருமுறை பனிச்சரிவில் அண்ணனின் வண்டி புதைந்துபோனது. பெயர் தெரியாத இரண்டு பேர் அவரை முதுகில் சுமந்து இறக்கியிருக்கிறார்கள். அவர்களை அண்ணன் மறுபடி பார்க்கவே இல்லை. அந்த இரண்டு பேர் எந்த ஊர், என்ன ஜாதி, என்ன சாமி கும்பிடுகிறவர்கள் என்று எதுவும் தெரியாமல் அண்ணி தினமும் விளக்கேற்றும்போது அவர்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வார். "நன்றிய யார்கிட்ட போய் சொல்றது தம்பி? ஆளு தெரியலயே. அதனால இங்க இருக்கறவங்களுக்கு எதனா செஞ்சுட்டுப் போவணும்" என்று சொல்வார். அண்ணன் ஓய்வு பெற்று வந்து ஆறு வருடத்தில் நெஞ்சுவலியில் போனபிறகும் அந்த வேண்டுதல் நிற்கவில்லை.

எங்கள் தெரு வேகவதி ஓரத்தில் தாழ்வாக இருக்கிறது. தெரு முடியும் இடத்தில் ஒரு சாக்கடை, அதைத் தாண்டினால் காலனி. மழை பெரிதாகப் பிடித்தால் தண்ணீர் முதலில் நிரப்புவது, காலை விட்டு மிதிக்க நாங்கள் தோண்டி வைத்திருக்கும் தறிக்குழியைத்தான். பட்டு நனைந்தால் சாயம் இறங்கிவிடும், ஜரிகை கறுத்துவிடும். அதனால் தண்ணீர் வருகிறது என்று யாராவது கத்தினால் நெசவாளியின் கை தானாகப் பாவுக்குத்தான் போகும். மூன்று புடவைக்கான நீளப் பட்டிழைதான் பாவு, அதை அறுத்துச் சுருட்டிப் பரணில் ஏற்றிவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்போம். சில வருடங்களுக்கு முன் ஒரு மழையில் அப்படி எல்லா வீட்டுப் பாவும் பத்திரமாகப் பரணேறியது. கடைசி வீட்டில் தனியாக இருக்கும் காது கேளாத பெரியம்மா, அவர் எங்களுக்கெல்லாம் நூல் சுற்றிக் கொடுக்கிறவர், முழங்கால் அளவு தண்ணீருக்கு நடுவே கட்டில் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் நினைவு ஒருத்தருக்கும் வரவில்லை. அன்று அண்ணி தெருவில் நின்று சொன்னது என்னிடம் இருக்கிறது. "பாவு அறுந்தா இழைக்கு இழை புணைச்சுக்கலாம். ஆளு போனா எங்கப்பா போய் புணைப்பீங்க?"

அதன்பிறகுதான் அந்தப் பட்டியல். புடவை அட்டைப்பெட்டியின் மூடியில் கோடு போட்டு எழுதினார். இடது பக்கம் தானாக எழுந்து ஓட முடியாதவர்களின் பெயர்கள், என்ன வியாதி, என்ன மாத்திரை. வலது பக்கம் அவர்களை யார் தூக்குவது. ஒவ்வொரு வீட்டிலும் பலமுள்ள ஒருத்தர் தூக்க வேண்டியது பாவை இல்லை, ஆளைத்தான். எங்கள் தெருவில் பாதி வீடு வயதானவர்கள் என்பதால் கை போதவில்லை. அண்ணி யோசிக்கவே இல்லை, சாக்கடையைத் தாண்டிப் போய்க் காலனியில் கேட்டார். அங்கே ஒரு நர்சம்மா இருக்கிறார், கிறிஸ்தவக் குடும்பம். அவர் நான்கு பையன்களின் பெயரைக் கொடுத்தார். பதிலுக்குத் தன் மாமனாருக்குக் கால் வராது, எங்கள் தெருவிலிருந்து ஒருத்தர் வேண்டும் என்றார். அண்ணி அதையும் எழுதிக்கொண்டார். தெருச் சங்கச் செயலாளரின் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். அவருக்கு நேராகக் காலனி எலக்ட்ரீஷியன் பெயர். கடைசி வரியில் அண்ணி தன்னையே எழுதியிருந்தார்: முட்டிவலி, சர்க்கரை. தூக்க வேண்டியது, தம்பி. அந்தத் தம்பி நான்தான்.

இந்தப் பட்டியலை ஒழித்துக் கட்டியதும் நான்தான். எல்லையில் மறுபடி பதற்றம் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லோரும் தெரிந்ததுபோல் பேசினார்கள். அண்ணி பட்டியலைப் புதுப்பிக்க வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வீட்டிலும் பத்து நாளைக்குத் தண்ணீரும் அரிசியும் மருந்தும் இருக்கிறதா என்று கேட்டார். நான் டீக்கடையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், செயலாளரின் அப்பாவை எலக்ட்ரீஷியன் முதுகில் போட்டுக்கொண்டு ஓடுவதுபோல் நடித்துக் காட்டினேன். கடை முழுக்கச் சிரிப்பு. யாரோ அதை போனில் பிடித்துத் தெரு குரூப்பில் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் அது வேறு கதையாகிவிட்டது. அண்ணி பீதி கிளப்புகிறாராம். நாடு தோற்கும் என்கிறாராம். எதற்காகப் பெயர்களை எழுதிக்கொள்கிறார், யாருக்குக் கொடுக்கப் போகிறார் என்று ஒருத்தர் கேட்டிருந்தார். கட்டைவிரல் தூக்கியவர்களை எண்ணிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் பஜனை கோயில் மண்டபத்தில் கூட்டம். வாசலில் புதுக் கொடி. எங்கள் வீட்டில் அண்ணி அதற்கு முந்தின வாரமே ஏற்றிவிட்டார், அண்ணனின் பெட்டியில் இருந்த பழைய கொடியை இஸ்திரி போட்டு. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. செயலாளர் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "அக்கா, ஊரே தைரியமா கொடி ஏத்திக்கினு இருக்குது. நீங்க யாரு படுத்த படுக்கை, யாரு நொண்டின்னு கணக்கெடுத்துக்கினு இருக்கறீங்க. உங்களுக்கு நாட்டு மேல நம்பிக்கை இல்லயா?"

அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். "பதினாறு வருசம் வீட்டுக்காரர எல்லைல நிறுத்திட்டு இங்க தனியா இருந்தேன்பா. நம்பிக்கை இல்லாதவ அனுப்புவாளா?"

நாட்டை விட்டுவிட்டுக் கோயில் பெரியவர் ஒருத்தர் சாமி பக்கம் வந்தார். காமாட்சி இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்வாள், இதெல்லாம் அவளை நம்பாத வேலை என்றார். "அம்மன் தேருக்கே நாம முட்டுக்கட்ட போடறோமேப்பா. அவ பாத்துப்பான்னு சக்கரத்த வுட்டுடறமா?" என்று அண்ணி கேட்டதும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நானும் உள்ளுக்குள் அந்த வாக்கியத்தை முடிந்து வைத்துக்கொண்டேன். வெட்கங்கெட்டவன். எழுந்து நின்று இவர் சொல்வது சரி என்று ஒரு வார்த்தை சொல்லாமல், பின்னால் யாருக்குச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன்.

அப்போதுதான் பின்வரிசையில் ஒருத்தன் வாயிலிருந்து உண்மை வெளியே வந்தது. "சுத்தி வளைக்காதீங்கப்பா. சாக்கடைக்கு அந்தாண்ட இருந்து ஆளுங்க வந்து நம்ம வீட்டு உள்ரூம் வரைக்கும் நுழையணுமா? நம்ம போய் அவங்கள தூக்கணுமா? அதத்தான் பேசணும்."

ஒருத்தரும் அவனை அதட்டவில்லை. கொடி, நாடு, சாமி என்று இரண்டு மணி நேரம் பேசியதெல்லாம் இந்த ஒரு கேள்வியை மூடி வைக்கப் போர்த்திய துணி. நாட்டில் பாதிப் பேரைத் தொடமாட்டேன் என்கிறவனுக்கு எதன்மேல்தான் பற்று என்று கேட்க எனக்கு இப்போது வாய் வருகிறது. அன்று வரவில்லை. பனியில் அண்ணனைச் சுமந்த அந்த இரண்டு பேரின் கதையை அண்ணி சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அவர்களை இந்தக் கூட்டத்தின் முன்னால் நிறுத்த மனம் வரவில்லையோ என்னவோ. யாரையாவது பயமுறுத்தியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி அட்டையைக் கொடுத்தார். செயலாளர் அதை இரண்டாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சண்டை வரவில்லை. கார்த்திகையில் மழைதான் வந்தது. மேலே ஏதோ ஏரி உடைந்து, நடுப்பகலில் வேகவதி தெருவுக்குள் ஏறியது. நான் தறியில் இருந்தேன். அண்ணி பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, கடைசி வீட்டுப் பெரியம்மாவைப் பார்க்க வேண்டும், வா என்றார். பாவை ஏற்றிவிட்டு இரண்டு நிமிடத்தில் வருகிறேன் என்றேன். அந்த இரண்டு நிமிடம் முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் விசில் சத்தம் மூன்று தடவை கேட்டது. என் மனைவி என்னைப் பார்த்தாள். யாராவது போவார்கள் என்று நினைத்தேன். தெருவில் எல்லா வீட்டுக்கும் அது கேட்டிருக்கிறது, எல்லோரும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள். ஏனென்றால் எல்லோர் கையிலும் பட்டு இருந்தது.

விசிலுக்கு வந்தது காலனி எலக்ட்ரீஷியனும் அவன் தம்பியும். அண்ணி பெரியம்மாவைப் படியில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து சுவரைப் பிடித்தபடி தண்ணீரில் கிடந்திருக்கிறார். ஒரு கதவைக் கழற்றி அதில் அண்ணியைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு, எங்கள் தெரு முழுக்க நடந்து மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். நான் பரணிலிருந்து இறங்கி வெளியே வந்தபோது அந்தக் கதவு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. "பாவு நனையலயே தம்பி?" என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை, நிஜமாகத்தான் கேட்டார். இருபத்து மூன்றாம் நாள் போய்விட்டார்.

இந்தக் குடியரசு தினத்துக்குத் தெருமுனையில் பிளக்ஸ் வைத்தார்கள். செயலாளர் ஆளுயரத்துக்குக் கை கூப்பி நிற்கிறார். அண்ணி ஒரு மூலையில் தபால்தலை அளவு. "நாட்டுக்காக உயிர்நீத்த வீரமங்கை" என்று எழுதியிருந்தது. என்னைப் பேசச் சொன்னார்கள். எங்கள் அண்ணி நாட்டுக்காக உயிர் நீக்கவில்லை, நாம் எல்லோரும் பட்டைத் தூக்கிக்கொண்டிருந்ததால் போனார், அதில் முதல் குற்றவாளி நான் என்று மைக்கில் சொன்னேன். மண்டபத்தில் அவர் கேட்ட மன்னிப்பை நாம்தான் கேட்க வேண்டும் என்றேன். அந்த அட்டையைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "எந்த அட்டைண்ணா?" என்றார் செயலாளர். மைக் நின்றுவிட்டது. கரண்ட் போனதாகச் சொன்னார்கள். சீரியல் பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் செயலாளரின் மனைவி எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. நான் புது அட்டையில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். "எங்க மாமனாரு பேர எழுதிக்குங்கண்ணா. ரெண்டு பேர் வேணும். காலனிப் பசங்களா இருந்தாலும் பரவால்ல" என்றார். அவர் வீட்டுக்குத் தெரியாமல் வந்திருக்கிறார், எத்தனை தைரியம் வேண்டும் அதற்கு. ஆனாலும் அந்தப் பரவாயில்லை என்ற வார்த்தையில் எனக்கு ரத்தம் கொதித்தது. "அவங்களுக்குப் பரவால்லயான்னு கேட்டுட்டு வந்து எழுதறேம்மா" என்றேன். அவர் முகம் சுருங்கியது. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் சாக்கடையைத் தாண்டிப் போனேன். இத்தனை வருடத்தில் நான் அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. நர்சம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருடைய மாமனாருக்கு நேராக என் பெயரை எழுதியிருப்பதாக அட்டையைக் காட்டினேன். அட்டையை வாங்கி அந்த வரியைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தண்ணி வந்தா உங்க பாவ யாரு தூக்குவாங்க?"

"நனையட்டும்மா" என்றேன்.