உள்ளே விட்ட துணி

ஆனந்தவள்ளி தையல் மெஷினைப் பின்பக்கமாகச் சாய்த்து அதன் வயிற்றைக் கிண்டிக்கொண்டிருக்கிறாள். கையில் தேய்ந்த டூத் பிரஷ், உதட்டிடையே இரண்டு குண்டூசிகள். பாபின் கேஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, துணியை நகர்த்தும் இரும்புப் பற்களுக்கிடையே அடைந்திருக்கும் பிசிறைத் தள்ளுகிறாள். பிரஷுக்கு வராததை ஹேர்பின்னால் நெம்புகிறாள். வாயால் ஊதுவது மட்டும் கிடையாது. "ஊதினா எச்சி ஈரம் உள்ள போயிடும். அப்புறம் துருதான்," என்று குண்டூசிகளைக் கீழே விடாமலே சொல்கிறாள்.

புத்தூரில் ஆஸ்பத்திரிகள் நெருக்கியடித்து நிற்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷன். ஜன்னலோரம் மெஷின். கறுப்பு உடம்பில் தங்க நிறத்தில் இருந்த பூவேலையெல்லாம் கை பட்டுப் பட்டு அழிந்து, எட்டாத மூலையில் ஓர் இலை மட்டும் மிச்சமிருக்கிறது. காலால் மிதித்த மெஷின்தான். முழங்கால் தேய்ந்த பிறகு மோட்டார் மாட்டிக்கொண்டாள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. தெருப் பெண்கள் ரவிக்கைத் துணியோடு படியேறி வரும்போதுதான் அந்த வீட்டில் பேச்சுக்குரல் கேட்கும்.

எண்ணெய் விஷயத்தில் அவள் ரொம்பக் கறார். எதிர்வீட்டு இருசம்மாள் ஒருநாள் தன் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டு, சக்கரம் நகரவில்லை என்று ஓடிவந்தாள். ஆனந்தவள்ளி போய்ப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "தலைக்கு வைக்கிறத இதுக்கு வெச்சா என்னங்க ஆகும்? பிசின் மாதிரி இறுகிக்கிச்சு பாருங்க." மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டுப் பிசுக்கைக் கரைத்தாள். பிறகு ஓட்டைக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில். நூல் கோக்காமல் கொஞ்ச நேரம் ஓட்டி, கடைசியில் ஒரு கிழிசல் வெள்ளைத் துணியில் தைத்துப் பார்த்தாள். எண்ணெய்க் கறை அந்தத் துணியோடு போய்விட வேண்டும். அடுத்தவர் பட்டில் ஏறக் கூடாது.

அவளுடைய தங்கை வேணி கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். கணவர் சரவணனுக்குத் தொழிற்சாலையில் வேலை. மகள் ரஞ்சனி. ரஞ்சனிக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில்தான் வேணிக்கு மார்பில் கட்டி என்று சொல்லி, இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவள் நைட்டியைத் தவிர வேறெதையும் உடுத்த மறுத்தாள். வாசலுக்குப் பால் வந்தால்கூடத் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் போனாள். "கல்யாணத்துக்கு நான் வரலைக்கா. ரூமுலயே இருந்துக்கறேன். எல்லாரும் என் மூஞ்சியவா பாப்பாங்க?" என்றாள்.

ஆனந்தவள்ளி அளவுக்குத் தங்கையின் பழைய ரவிக்கை ஒன்றை எடுத்துக்கொண்டு துவாக்குடியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறி வீடு வந்தாள்.

அரக்கு நிறப் பட்டில் ரவிக்கை வெட்டினாள். உட்புறம் இடது பக்கத்தில் மெல்லிய மல் துணியில் ஒரு பை வைத்தாள். பைக்குள் வைக்க ஒரு சின்னத் தலையணை தைத்தாள். வெறும் பஞ்சு நிற்கவில்லை. நடக்க நடக்க மேலே ஏறிக்கொண்டது. கேழ்வரகு கலந்து பார்த்தாள், பூச்சி வைத்தது. கடைசியில் பஞ்சுக்கு நடுவே கடுகை முடிந்து வைத்ததும் கனம் சரியாக வந்தது. தானே போட்டுக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தாள். ரவிக்கையின் இரண்டு பக்கத் தையலிலும் வழக்கத்தைவிட அதிகமாகத் துணியை உள்ளே விட்டிருந்தாள்.

வேணி போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு கழற்றி, உள்ளே மடிந்திருந்த துணியைக் கட்டைவிரலால் தடவினாள்.

"எதுக்குக்கா இவ்வளவு துணி உள்ள விட்டுருக்க?"

"நீ நாளைக்கே குண்டடிச்சிட்டேன்னா? பிரிச்சு விட வேணாமா?"

வேணி சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

ஸ்ரீரங்கத்தில் கல்யாணம் நடந்தது. வேணி மணமேடையில் நின்று தாரை வார்த்தாள், பந்தியில் வந்து விசாரித்தாள், சம்பந்தி அம்மாளோடு போட்டோவுக்கு நின்றாள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனந்தவள்ளி மட்டும் ஒரு தூணோரம் நின்று, தங்கை கையைத் தூக்கும்போதெல்லாம் அந்த இடதுபக்கத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழைக்காலத்தில் நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை எலும்பில். வேணி இளைக்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அந்த அரக்கு ரவிக்கையைத்தான் கேட்டாள். அது தொளதொளத்ததும் அக்காவுக்குக் கொடுத்தனுப்பினாள். ஆனந்தவள்ளி ஒரு விரற்கடை உள்ளே தள்ளிப் பிடித்துக் கொடுத்தாள். அடுத்த முறை இன்னொரு விரற்கடை. வேறு யாருடைய ரவிக்கையாக இருந்தாலும் மிஞ்சிய துணியை நறுக்கிப் போட்டிருப்பாள். இதில் கத்தரி வைக்கவில்லை. வேணியும் திரும்ப வாங்கும்போது உள்பக்கம் விரலை விட்டுப் பார்ப்பாள்.

"துணி அப்படியே இருக்குல்லக்கா?"

"எங்கடி போகும்? உடம்பு தேறட்டும், அரை மணியில பிரிச்சுத் தரேன்."

இப்போது ரஞ்சனிக்கு ஏழாம் மாதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. "நானும் அவளுக்கு ஒரு ஜோடி வளையல் போட்டுட்டுத்தான் வருவேன்" என்று வேணி ஒற்றைக் காலில் நிற்கிறாள். படுக்கையிலிருந்து அவளை எழுப்பி உட்கார வைக்கவே சரவணன் ஒரு பக்கம் தாங்க வேண்டியிருக்கிறது. நேற்றுக் காலை ஆனந்தவள்ளி கைலாசபுரம் போய், அவரை வெளியே அனுப்பிவிட்டு, தங்கைக்கு ரவிக்கையை மாட்டிப் பார்த்தாள். பக்கத்துக்கு மூன்று விரல் தொங்கியது. குண்டூசி குத்தி அளவு எடுக்கும்போது வேணி முகத்தைச் சுளித்தாள்.

"ஊசி பட்டுருச்சாடி?"

"ஊசி இல்லக்கா. உள்ள மடிஞ்சிருக்குல்ல அந்தத் துணி, அது விலா எலும்புல குத்துது. போன தடவையே குத்துச்சு. வெட்டிடேன்."

"வெட்டிட்டா அப்புறம் பிரிச்சு விட முடியாதுடி. உடம்பு தேறி வந்தா..."

வேணி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலமே இல்லை.

"வெட்டிடுக்கா," என்றாள் மறுபடியும். கோபமாகவோ அழுகையாகவோ சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொல்வது மாதிரி சொன்னாள்.

ஆனந்தவள்ளி தலையாட்டிவிட்டு வந்தாள். தலையாட்டினாளே தவிர, மனசு இடம் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், குத்தாமலிருக்க மடிப்பின் மேல் மல் துணியைச் சுற்றித் தைக்கப் பார்த்தாள். மடிப்பு இன்னும் தடித்தது. ஊசியைப் பதினாலிலிருந்து தடித்த பதினெட்டாம் நம்பருக்கு மாற்றினாள். பெடலை மிதித்ததும் மோட்டார் முனகியது. ஊசி துணியில் பாதி இறங்கி, படக்கென்று முறிந்து ஜன்னல் கம்பியில் தெறித்தது.

முறிந்த துண்டைத் தேடி எடுத்துத் தாளில் பொதிந்தாள். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். மெஷினில் ஒரு குறையும் இல்லை. ரவிக்கையை மடியில் போட்டுக்கொண்டு, மல் துணியையும் பழைய தையல்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மடங்கி மடங்கிக் கிடந்த பட்டு விரிந்து விழுந்தது. வெயிலும் வேர்வையும் படாத அந்தப் பகுதி மட்டும் புது நிறமாக இருந்தது. கீழே தெருவில் யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். ஆனந்தவள்ளி கத்தரியை எடுத்து, குண்டூசி வரிசைக்கு ஒரு விரல் தள்ளி, முதலில் இடது பக்கத்தையும் பிறகு வலது பக்கத்தையும் ஒரே சீராக நறுக்கினாள்.

ஊசியைத் திரும்பப் பதினாலுக்கு மாற்றி, ரவிக்கையை மெஷின் பாதத்துக்கடியில் வைத்துப் பெடலை மிதித்தாள். இப்போது தடையே இல்லை. துணி வழுக்கிக்கொண்டு ஓடியது. கண் மூடித் திறப்பதற்குள் பாதித் தையல் முடிந்துவிட்டது.

அவள் சட்டென்று காலை எடுத்தாள். ஸ்விட்சை அணைத்தாள். கையால் சுற்றுவது கனமான துணிக்குத்தான். இது மெலிசாகிவிட்ட பட்டு. இருந்தும் வலது கையைச் சக்கரத்தின் மேல் வைத்து, ஊசி ஒவ்வொரு முறையும் இறங்கி ஏறுவதைப் பார்த்தபடி, மிச்சத் தையலை ஒவ்வொன்றாகச் சுற்றத் தொடங்கினாள்.