ஸ்கூட்டர் இடத்தில் ஒரு மிஷின்

திருவட்டாறு பக்கம் ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கும் ஸ்ரீகுமாருக்கு ஒரு ஆசை வந்தால் வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது. போன வருஷம் வந்தது சி.என்.சி. ஆசை. கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் மிஷின் அதை மரத்தில் செதுக்கித் தரும். யூடியூபே கதி என்று கிடந்தான்.

சும்மா சொல்லக் கூடாது, புத்தியோடுதான் வாங்கினான். இரண்டடிப் பலகை கொள்ளும் மிஷின் போதும் என்றான். பெட்டி நிறைய வந்த 'பிட்' என்ற வெட்டுமுனைகளை விட்டுவிட்டு, நேராக வெட்ட ஒன்றும் எழுத்துக்குக் கூர்முனை ஒன்றும் எடுத்தான். மென்பொருள் எல்லாம் இலவசம்: வரைய ஒன்று, எந்த வழியாக வெட்டுவது என்று போட ஒன்று, அதை மிஷினுக்கு அனுப்ப ஒன்று. இவ்வளவு யோசித்த மகாராசன் மிஷினை எங்கே வைப்பது என்று மட்டும் யோசிக்கவில்லை. அது அவன் மனைவி அபிதாவின் ஸ்கூட்டர் நின்ற ஷெட்டில் போய் உட்கார்ந்தது. ஸ்கூட்டர் மழையில் நனைந்தது.

"ஹரிதாவுக்க பால்காய்ச்சு வரைக்கும் பாப்பேன்," என்றாள் அபிதா. "அதுக்குள்ள இதுல உருப்படியா ஒண்ணு வரல்லேன்னா ஆக்கிரிக்காரன விளிச்சு எடைக்குப் போட்டிருவேன்."

ஹரிதா அவனுடைய தங்கை. புது வீட்டில் பால் காய்ச்சும் அன்று வாசலில் மாட்ட, வீட்டுப் பெயர்ப் பலகை அண்ணன் கையால் வேண்டும் என்று கேட்டிருந்தாள். இந்தப் பக்கம் வீட்டுப் பெயரைச் சொன்னால்தான் ஆளையே தெரியும். வீட்டின் பெயர் நெல்லிவிளை.

குலசேகரத்தில் ரப்பர் மரத் துண்டுகள் வாங்கி வந்து பழகினான். அவன் செதுக்கிய மயில்கள் எல்லாம் கோழியாகவே பிறந்தன. அபிதா அவற்றின் மேல் சூடான குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள். பிறகு எழுத்து வசப்பட்டது. நன்றாகக் காய்ந்த அயனி மரப் பலகை ஒன்றையும் தேடிப் பிடித்தான். ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது.

பால்காய்ச்சுக்கு முந்தின நாள் காலையில் பலகையை இறுக்கி, தூசிக்கான பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிஷினை ஓடவிட்டான். பிட் நடுவில் போய் இறங்கியது, கிச்சுகிச்சு மூட்டியது போல இரண்டு ஆட்டம் ஆடியது, எழும்பி நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தான். அதெல்லாம் இல்லை, வேலைதான் முடிந்திருந்தது. பலகையின் நடுவே, கட்டைவிரல் நகம் அகலத்தில் 'நெல்லிவிளை'.

பைப்பா, ஸ்க்ரூவா, எதுவானாலும் நாள் முழுக்க இஞ்சிலேயே புழங்குகிற வாய் அவனுக்கு. பெயரின் நீளம் இருபத்திரண்டு இஞ்சு என்பதற்கு வெறும் இருபத்திரண்டு என்று அடித்திருந்தான். மென்பொருள் அதை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டது. திரையில் படம் பெரிதாகத் தெரிந்ததால் சந்தேகமே வரவில்லை. தங்கை முகம் நினைவுக்கு வந்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

சத்தம் நின்றதும் அபிதா வந்தாள். ஆக்கிரிக்காரன் பேச்சு வரப்போகிறது என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளோ குனிந்து பார்த்துவிட்டு, மிஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"எறும்புக்கு வீடு கெட்டிக் குடுத்தியளா?"

"சிரிக்காத ஏட்டி. நாளைக்கு ஹரிதாட்ட என்ன சொல்லுவேன்? வேற பலகையும் இல்ல."

"பலகைக்கு மறுபக்கம் இல்லியா? தள்ளி நில்லுங்க, அளவ நான் அடிக்கேன்."

பலகையைத் திருப்பி இறுக்கினார்கள். அவள் அளவை மாற்றினாள். பிட்டை மேலே தூக்கி, மரத்தைத் தொடாமல் ஒரு தடவை ஓட்டச் சொல்லி, டேப்பைப் பிடித்துச் சரிபார்த்தாள். அப்புறம்தான் வெட்டவிட்டாள். மஞ்சள் தூள் பறந்து ஷெட் முழுக்க அயனி மணத்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வர, ஸ்ரீகுமார் அவற்றைச் சந்தோஷத்தில் வாய்விட்டுப் படித்தான்.

பால்காய்ச்சு அன்று வந்தவர்கள் எல்லாரும் பலகையை மெச்சினார்கள். அபிதாதான் அதை ஆணியிலிருந்து கழற்றிக் கழற்றி முதுகுப்பக்கத்தைக் காட்டினாள். வீடே சிரித்தது. அதைத் தேய்த்து எடுத்துவிடுகிறேன் என்றான் ஸ்ரீகுமார். ஹரிதா விடவில்லை.

"இருக்கட்டும் அண்ணா. இதப் பாக்கவே ஆளு வரும். இல்லியா மைனி?" என்று அபிதாவைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் அவன் வேலை முடிந்து வந்தபோது நல்ல மழை. ஸ்கூட்டர் முற்றத்தில்தான் நின்றது. ஆனால் அதன் மேல் புத்தம்புதிய மழை உறை ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. ஷெட்டுக்குள் மிஷின் ஓடும் சத்தம். எட்டிப் பார்த்தான். அவனுடைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு அபிதா நின்றாள்.