வெள்ளையாய் விழுந்த படம்

உம்சுனைக்கும் அவள் ஓரகத்தி சைகலுக்கும் மார்பில் புற்றுநோய் வந்தது ஒரே வருஷம். கட்டியை எடுத்ததும் ஒரே ஆஸ்பத்திரி. இந்த இலையுதிர்காலத்தில் மறுபரிசோதனைக்குத் தலைநகர் பிஷ்கெக் போனபோதுதான் இருவருக்கும் வித்தியாசம் வந்தது. சைகலின் மார்பு எக்ஸ்ரே படம் தெளிவாக விழுந்தது. அடுத்த வருஷம் வந்தால் போதும் என்றார்கள். உம்சுனையின் படம் முழுக்க வெள்ளை. மார்புச் சதை அடர்த்தியாம். உள்ளே கட்டி இருந்தாலும் அதுவும் வெள்ளையாகத்தான் தெரியுமாம். மாவு மூட்டைக்குள் காய்ந்த தயிர் உருண்டையைத் தேடுவது போல என்று சொன்ன டாக்டரம்மா, வெள்ளிக்கிழமை வந்து பெரிய ஸ்கேன் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

வீடு திரும்பியதும் சைகலின் சேதி கேட்டு மாமியார் ஆடு வெட்டச் சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்தில் யார் தட்டில் எந்த எலும்பு விழுகிறது என்பதில்தான் மரியாதையே இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து பெரிய மருமகள் உம்சுனைக்கு வந்த இடுப்பெலும்பு அன்று சைகலின் தட்டுக்குப் போனது.

"நல்ல சேதி கொண்டாந்தவ, அவ தின்னட்டும்" என்றாள் மாமியார்.

உம்சுனைக்கு வயிறு எரிந்தது. மருந்தும் ஊசியும் இரண்டு பேரும் சேர்ந்துதானே பட்டார்கள்? இவளுக்கு மட்டும் உடம்புகூடச் சொன்னபடி கேட்கிறது. தனக்கும் ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதாக வாயில் வந்துவிட்டது. மாமியார் கைகளை விரித்து இருவருக்கும் ஆசி சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டாள்; கூடியிருந்த அத்தனை பேரும் தடவிக்கொண்டார்கள். ஆசி சொல்லி முடித்த பேச்சை மறுபடி யார் திறப்பது?

வியாழக்கிழமை மாவு பிசைகையில் சைகல் மெதுவாகக் கேட்டாள். "நாளைக்குப் போகலியாக்கா?"

"உனக்கென்ன, கண்ணாடி மாதிரி உள்ள எல்லாம் தெரியிற ஒடம்பு. ஒன் மாவப் பிசை."

சைகல் மாவைப் பிசைந்தாள். சாயங்காலம் எல்லாரும் தேநீருக்கு உட்கார்ந்ததும், தன் படத்தில் ஏதோ சந்தேகமாம், நாளைக்கு வரச் சொல்கிறார்கள், அக்கா துணைக்கு வரட்டும் என்று மாமியாரிடம் சொன்னாள். கொழுந்தன் பதறி எழுந்து, பெற்றவள் முன்னாலேயே பெண்டாட்டியின் தோளில் சால்வையைப் போர்த்தினான். மாமியார் அவள் தலையைக் கோதினாள்.

தனக்காகத்தான் பொய் சொல்கிறாள் என்று உம்சுனைக்குப் புரிந்தது. புரிந்ததனால்தான் பொறுக்கவில்லை. தான் படவேண்டிய பயத்தைக்கூட இவள்தான் பட்டு நல்ல பேர் வாங்கவேண்டுமா?

"அவள யாரும் கூப்பிடல. என்னைத்தான் கூப்பிட்டாங்க" என்றாள். "என் மாருல என்ன இருக்குன்னுதான் தெரியல. அன்னைக்குச் சொன்னது பொய், அத்தை."

மாமியார் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஆசி குடுத்தது நான். மெஷினப் பாத்து அது ஓடிடுமா? ரெண்டு பேரும் கெளம்புங்க."

மறுநாள் காலை மினிபஸ்ஸில் சைகல் ஜன்னலோரம் உட்காரப் போனாள்.

"அது எனக்கு" என்றாள் உம்சுனை.

சைகல் நகர்ந்து இடம் விட்டாள்.